நேற்று நடந்தவருக்கு இன்று ஏன் பொல்லு?

கேள்வி: எனக்கு வயது 36. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டொக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. காலையில் ஒழுங்காக நடப்பேன், மத்தியானம் தள்ளாடுவேன். பஸ் நிலையத்தில் 'பட்டப்பகலிலேயே வெறி' என்கிறார்கள். பொல்லு பிடித்தால் 'நேற்று நல்லாத்தானே போனவர், நடிப்பு' என்கிறார்கள். தெரிந்த முகம் கண்டால் பொல்லை ஓட்டோ சீற்றுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். பெரியம்மா கன்னியாவில் குளித்தால் சரிவரும் என்கிறார். இந்தச் சனத்துக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் பெரியம்மா. கன்னியாவில் ஏழு கிணறு, ஏழிலும் வெந்நீர். உங்கள் வருத்தத்துக்குச் சூடுதான் ஆகாது. மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிற நோய் இது. உறை போன இடத்தில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகும். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே அதுவும் நின்றுவிடலாம். நடந்து களைத்ததும் சிலருக்குப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் டொக்டர் ஊத்தோஃப் 1890இலேயே எழுதிவைத்திருக்கிறார். ஸ்கேன் வராத காலத்தில், நோயைக் கண்டுபிடிக்க ஆளைச் சுடுநீர்த் தொட்டியில் இருத்திப் பார்த்தார்களாம். பெரியம்மா மருந்து என்று சொல்வது அந்தக் காலத்தில் பரிசோதனை!

ஆகவே, காலையில் நடந்தவர் திருகோணமலை மத்தியான வெயிலில் தள்ளாடுவதில் நடிப்பு எங்கே இருக்கிறது? உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் புதிதாகக் கால் விளங்காமலோ கண் மங்கலாகவோ இருந்தால் மட்டும் வெயிலைச் சாட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள்.

சரி, சனம். பஸ் நிலையத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் நரம்பியல் வகுப்பு எடுக்கவா போகிறீர்கள்? பஸ் வந்ததும் ஏறிப் போகிற ஆட்கள். அவர்களுக்கு நீங்கள் அன்றைய பொழுதுபோக்கு, அவ்வளவுதான். உங்களைப் பற்றித் தெரியவேண்டியவர்கள் நாலைந்து பேர்: கந்தோரில் மேலதிகாரி, வழக்கமான ஓட்டோக்காரர், சந்திக் கடைக்காரர், வீட்டார். நோயின் பெயரைச் சொல்லிப் பயப்படுத்தவேண்டாம். 'நரம்பு வருத்தம். வெயில் ஏறினால் கால் சொல்வழி கேளாது. தொற்றாது' என்றால் போதும். கேட்டபிறகும் 'நடிப்பு' என்கிறவருக்கு இரண்டாம் தடவை சொல்லி வாயை நோகவைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஓட்டோ சீற்றைப் படித்தபோதுதான். மற்றவர்கள் உங்களைப் பார்த்து முடிவுகட்ட முன்னமே நீங்களே கட்டிவிடுகிறீர்கள். பொல்லில்லாமல் தள்ளாடினால் வெறி என்பார்கள். பொல்லோடு தள்ளாடினால் எழும்பி சீற் தருவார்கள். ஊருக்கு விளக்கம் சொல்லக்கூடிய ஒரே சாமானை ஒளித்துவைத்துவிட்டு, ஊருக்கு விளங்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். 'நேற்று இல்லையே' என்று யாராவது கேட்டால் 'நேற்றுத் தேவைப்படவில்லை' என்று சொல்லுங்கள். குடையை யாரும் தினமும் விரிப்பதில்லையே.

எழுதுகிற நானும் யோக்கியனில்லை. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் வந்து சாய்ந்த ஒருவரைக் குடிகாரர் என்று நினைத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறேன். மணம் எதுவும் வரவில்லை என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு என்ன வருத்தமோ, இன்றுவரை தெரியாது.

பெரியம்மாவின் மனதை நோகடிக்கவேண்டாம். ஒருநாள் வெயில் ஏறமுன் அவரைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு கிணற்றிலும் அவர் அள்ளிக் குளிக்கட்டும். நீங்கள் நிழலில் இருந்து கச்சான் கொறியுங்கள், பொல்லை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பக்கத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு.