கேளுங்க ஆச்சி: 20-ம் தேதிக்கே டப்பா காலியாயிடுது

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸப் வாய்ஸ் எல்லாத்துலயும் ஒரே பேச்சுதான், மளிகை விலை. அதனால கல்யாணம், மருமக சண்டை எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

ஆச்சிக்கு வணக்கம். வீட்டுக்காரருக்கு காரைக்குடியில ஜவுளிக்கடை வேலை, கைக்கு 14,000 வருது. ரெண்டு பிள்ளைக, மாமியார், நாங்க ரெண்டு பேரு. வாடகை, கரண்டு, குழு லோன் தவணை எல்லாம் போக மளிகை காய்கறிக்கு 5,000 நிக்குது. 20 தேதிக்கெல்லாம் காலி. அப்புறம் தெருமுனை கடையில நோட்டுல எழுதி வாங்குறேன். கொஞ்ச நாளா ராத்திரி நான் சாப்பிடுறதில்ல, டீயோட படுத்துடுறேன். இன்னும் எதைக் குறைக்கிறது?
- ஒரு வாசகி, கோட்டையூர்

ஆத்தா, முதல்ல அந்த ராத்திரி சாப்பாட்டை சாப்பிடு. இதை நான் கோவமாவே சொல்றேன். நம்ம பக்கத்து வீடுகள்ல விலை ஏறினா முதல்ல சுருங்குறது பொம்பளை தட்டுதான், அதை யாரும் கணக்குலயே எழுதுறதில்ல, அப்புறம் ரத்தம் இல்லை, தலை சுத்துதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே நாள்ல போயிடும். நீ குறைக்க வேண்டியது சாப்பாட்டை இல்ல, அந்த நோட்டை.

நோட்டுல வாங்குறப்போ என்ன ஆகுதுன்னு பாரு. விலை கேக்க முடியாது, பக்கத்து கடையில என்ன விலைன்னு பாக்க முடியாது, அவர் எடுத்துக் குடுக்குறதை வாங்கிட்டு வரணும். அதுவும் எண்ணெய் நூறு மில்லி, பருப்பு நூறு கிராம்னு வாங்குவோம், அப்படி வாங்குற பருப்பை ஒரு மாசம் கூட்டிப் பாரு, கிலோவா வாங்கினதை விட எவ்வளவு கூட குடுத்திருக்கன்னு தெரியும். கடைக்காரரை நான் குறை சொல்லல, கஷ்டத்துல கை குடுக்குறவர் அவர்தான், அவருக்கும் மொத்தக் கடையில காசு கட்டணும்ல. ஒரேயடியா நோட்டை மூட முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதனால ஒவ்வொரு சாமானா அதுல இருந்து வெளிய எடு. இந்த மாசம் பருப்பு மட்டும் ரொக்கத்துல, அடுத்த மாசம் எண்ணெய், அதுக்கடுத்து சோப்பு. சம்பளம் வந்த அன்னிக்கே வாங்கி வச்சுடு.

ரேஷனை விட்டுடாத. அரிசி இலவசம், துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபா, பாமாயில் 1 லிட்டர் 25 ரூபா. வெளிய ரெண்டுமே நூறைத் தாண்டி நிக்குது, அப்போ இந்த ரெண்டு சாமான்லயே மாசம் நூத்தம்பது ரூபா கிட்ட மிச்சம். "பருப்பு வரல"ன்னு திருப்பி அனுப்பினா அதோட விட்டுடாம மாசம் முடியறதுக்குள்ள மறுபடி போய் கேளு. மகளிர் உரிமைத் தொகை 1,000 உனக்கு வருதுன்னா அது 15 தேதி வாக்குல அக்கவுண்ட்ல ஏறுது இல்லையா, அதைத் தவணைக்குக் குடுத்துடாம அப்படியே கடைசி ரெண்டு வாரத்து காய்க்கும் முட்டைக்கும்னு ஒதுக்கி வை, நீ இடிஞ்சு உக்கார்ற 20 தேதிக்கு அதுதான் கைக்காசு. பிள்ளைக கவர்மெண்ட் ஸ்கூல்ல அஞ்சாவதுக்குள்ள படிச்சா காலைச் சாப்பாடு அங்கயே குடுக்குறாங்க, மத்தியான சத்துணவுல முட்டையும் உண்டு. "ஸ்கூல்ல சாப்பிட்டா கௌரவம் என்னாகும்"னு மாமியார் சொன்னா நான் சொன்னேன்னு சொல்லு, சூடா சமைச்சுப் போடுற சாப்பாடு அது, பிள்ளை தாராளமா சாப்பிடட்டும்.

இன்னொண்ணு, மாசி பங்குனியில புதுப் புளி, புது மிளகாய் வரும். நம்மளுக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் பக்கத்துலயே இருக்கு. அந்த ரெண்டையும் வருஷத்துக்கு ஒரே தடவையா வாங்குறதுதான் இந்த ஊரு வழக்கம், ஆச்சிமார் வீட்டு வளவுல பாய் விரிச்சுக் காய வச்சு ஜாடியில போட்டு வச்சது ஆடம்பரத்துக்கு இல்ல, ஐப்பசி கார்த்திகையில விலை ஏறும்னு தெரிஞ்சுதான். தனியா முடியலன்னா தெருவுல நாலு பேரு சேர்ந்து மொத்தமா எடுத்துப் பிரிச்சுக்குங்க. மிளகாயை ரெண்டு வெயில் நல்லா காய வச்சு, காம்போட வை, காம்பு கிள்ளிட்டா சீக்கிரம் வண்டு விழும்.

விலை ஏறுறது ஒரு பக்கம், அதே விலைக்கு வாங்குற பாக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகுதே, எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா? எண்ணெய் விலை ஏன் இப்படி ஏறுது, ஏறின வேகத்துல இறங்கவும் மாட்டேங்குதே?
- ஓய்வுபெற்ற வாசகர், தேவகோட்டை

உங்களுக்கு மட்டும் இல்லங்கய்யா, நிஜமாவே சுருங்குது. எண்ணெய் பாக்கெட்டு குறிப்பிட்ட அளவுலதான் வரணும்ங்கிற கட்டாயம் இப்ப இல்ல, 2022 கடைசியில அந்த விதியை எடுத்துட்டாங்க, எவ்வளவு இருக்குன்னு அச்சடிச்சா போதும். 1 லிட்டர் எண்ணெய் எடை போட்டா 910 கிராம் கிட்ட வரும், பக்கத்துலயே 850 கிராம் பாக்கெட்டு அதே சைஸுல நிக்குது, நம்ம விலையை மட்டும் பாத்து எடுத்துடுறோம்.

பாக்கெட்டுல எம்.ஆர்.பி. பக்கத்துல பொடி எழுத்துல கிராமுக்கு இவ்வளவுன்னு ஒரு விலை போட்டிருக்கும், அதைப் பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டே பாருங்க. ஒண்ணுல கிராமுக்கு 0.24, இன்னொண்ணுல 0.21ன்னு இருந்தா மூணு பைசாதானேன்னு தோணும், கிலோவுக்குக் கணக்கு போட்டா 30 ரூபா. ஒரு கிலோவுக்கு மேல உள்ள பாக்கெட்டுல கிலோ கணக்குல போட்டிருப்பாங்க, குழம்பிக்காதீங்க. அப்புறம் அரிசி பருப்பு 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி வித்தா 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 2022 ஜூலையில இருந்து. சாக்குல இருந்து அள்ளிக் குடுக்குற சில்லறைப் பருப்புக்கு அது கிடையாது. கடையில 26 கிலோ அரிசி மூட்டை நிக்குதே, அதுக்குக் காரணமே இந்த வரிதான். புதுவயல் அரிசி மில் பக்கம் யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா மூட்டையா எடுத்து ரெண்டு வீடு பிரிச்சுக்கலாம்.

எண்ணெய் ஏன் ஏறுதுன்னும் கேட்டிருக்கீங்க. நம்ம நாட்டுக்கு வேணுங்கிற சமையல் எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் வருது, பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவுல இருந்து. 2024 செப்டம்பர்ல இறக்குமதி வரியைக் கூட்டினாங்க, உடனே கடையில தெரிஞ்சுது. அடுத்த வருஷம் மே மாசக் கடைசியில சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு வரியைக் குறைச்சாங்க. ஏறினது ஏறின வேகத்துல இறங்கலங்கிற உங்க வருத்தம் எனக்கும் உண்டு.

செட்டிநாட்டு சமையல்னாலே எண்ணெய், தேங்காய், முந்திரின்னு செலவு சமையலா இருக்கே ஆச்சி. இந்த விலைவாசியில நம்ம சமையலை விட்டுடணுமா?
- ஒரு கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

நீ சொல்றது ஹோட்டல் போர்டுல இருக்குற செட்டிநாடு கண்ணு. வீட்டு சமையல் வேற. மசாலாப் பொடியே இல்லாம, தேங்காயே இல்லாம அரிசி களைஞ்ச தண்ணியில மண்டின்னு ஒரு புளிக்குழம்பு வைப்போமே, அதை விட சிக்கனமான குழம்பு எது? அரிசி களைஞ்ச முதல் தண்ணியைக் கொட்டிட்டு ரெண்டாவது தண்ணியை எடுத்து அதுலயே புளியை ஊறப் போடு. சட்டியில ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு கடுகு, உளுந்து, வெந்தயம் தாளிச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சை மிளகாய் வதக்கி, வெண்டைக்காயை அந்த வழவழப்பு போற வரைக்கும் வதக்கணும், இதுல அவசரப்படாத. அப்புறம் அந்தப் புளித்தண்ணியை ஊத்தி உப்பு போட்டு சுண்ட விடு. கழனித்தண்ணியில இருக்குற மாவுச்சத்து குழம்பைத் தானா கெட்டியாக்கும், அதனாலதான் தேங்காய் அரைச்சு ஊத்த வேண்டியதில்ல. வெண்டைக்காய் விலை ஏறினா ஊறவச்சு வேகவச்ச மொச்சை, பலாப்பழ சீசன்ல பலாக்கொட்டை போடு, கொட்டைக்கு காசே இல்ல. ராத்திரிக்கு வச்சா மறுநாள் காலையில இன்னும் ருசியா இருக்கும், கெடாது.

சின்ன வெங்காயம் ரொம்ப ஏறிட்டா பாதி பெரிய வெங்காயம் கலந்துக்க, ருசி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதை நான் மறைக்கல. மீன் வாங்க முடியாத வாரத்துல தொண்டிக் கருவாடு கொஞ்சம் போதும், கத்திரிக்காயோட போட்டா வீடு பூரா சாப்பிடும். முருங்கைக்கீரை யார் வீட்டு வாசல்லயாவது நிக்கும், கேட்டா ஒடிச்சுத் தருவாங்க. வெள்ளைப் பணியாரத்துக்கு கூட ஒரு டம்ளர் பச்சரிசி, அது மேல கோபுரமா நிக்கிற அளவுக்கு உளுந்து, அவ்வளவுதான் சாமான், எண்ணெய் மட்டும்தான் இடிக்கும், அதனால அதை நாள் கிழமைக்கு வச்சுக்க.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்கன்னு சொல்றாங்களே, பொறுக்கி எறிஞ்சுட்டுதான் சமைக்கிறேன். சரியா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

எறியாதம்மா. அது செறிவூட்டின அரிசி. அரிசி மாவுலயே இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி12 கலந்து அரிசி மாதிரியே அச்சுல செஞ்சு, நூறு அரிசிக்கு ஒண்ணுங்கிற கணக்குல கலந்தாங்க. 2026-ல அப்படிக் கலக்குறதைத் தற்காலிகமா நிறுத்திட்டாங்க, ஆனா முன்ன கலந்த அரிசி இன்னும் வரலாம். நிறமும் கொஞ்சம் வேற மாதிரி தெரியும், தண்ணியில போட்டா சிலது மிதக்கும், அதைப் பாத்துட்டுதான் பிளாஸ்டிக்னு கிளப்பி விட்டுட்டாங்க. ரத்தசோகை இருக்குற நம்ம பொம்பளைகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தது அது. ரொம்ப தேய்ச்சுக் கழுவாம ஒரு ரெண்டு தண்ணி போதும், களையுறப்போ மேல மிதக்குறதை தண்ணியோட சாய்ச்சுடாம கையால அமுக்கிப் பிடிச்சுக்குங்க. கஞ்சி வடிக்காம குக்கர்ல அளந்து தண்ணி வச்சா சத்தும் போகாது, கேஸும் மிச்சம்.