தோள் தசைநாண் கிழிசல்: ஸ்கேன் ஒன்று சொல்கிறது, வலி வேறு சொல்கிறது (கேள்வி பதில்)

கேள்வி: சார், அம்மாவுக்கு 67 வயது. எம்.ஆர்.ஐ.யில் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் (தோளின் மேல்பக்கத் தசையை எலும்போடு இணைப்பது) முழுசாக அறுந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆனால் வலி லேசுதான், கொடியில் துணி காயப்போடுகிறார். ரிப்போர்ட் மாறிவிட்டதா?

பதில்: மாறியிருக்க வேண்டியதில்லை. வலியே இல்லாத தோள்களை எம்.ஆர்.ஐ. எடுத்த 1995ஆம் ஆண்டு ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் முழுதாகவோ பாதியாகவோ கிழிந்திருந்தது. முன்பக்கம் சப்ஸ்கேபுலாரிஸ் தசையும் பின்பக்கம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசையும் கை எலும்பின் தலையைத் தோள் குழியின் நடுவில் இழுத்துப் பிடித்திருக்கும் வரை, மேல்நாண் போனாலும் தோளை வெளியே மூடியிருக்கும் டெல்டாய்ட் தசை கையைத் தூக்கிவிடும். அம்மாவுக்கு அதுதான் நடக்கிறது. பயிற்சியைத் தொடரட்டும், பலம் குறைகிறதா என்று மட்டும் அவ்வப்போது காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். கிழிசல் சின்னது, ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் வலி பொய்யில்லை, யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். அடிபடாமல் நாண் முழுசாகக் கிழிந்த 393 பேரை வைத்து அமெரிக்காவில் 2014இல் வந்த ஆய்விலும் கிழிசலின் அளவும் வலியின் அளவும் பொருந்தவில்லை. பர்சா (நாணுக்கு மேலே உராய்வைக் குறைக்கும் சிறு பை) வீக்கம், பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) நாண் இவையெல்லாமும் வலிக்கும். சர்க்கரை இருந்தால் தோள் இறுகிப்போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்புறம் ஸ்கேன் எதற்கு?

பதில்: வலியை அளக்க இல்லை, தைத்தால் நிற்குமா என்று பார்க்க. எத்தனை நாண் கிழிந்திருக்கிறது, எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, இவைதான் முக்கியம். கொழுப்பை கூட்டாலியர் முறையில் 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி, அந்தக் கட்டத்தில் தைத்தாலும் மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம், ஏறிய கொழுப்பும் பெரும்பாலும் இறங்காது. ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்பா பைக்கிலிருந்து விழுந்து மூன்று வாரம். வலி குறைந்துவிட்டது, ஆனால் கை தானாக மேலே போகவில்லை, நாம் பிடித்துத் தூக்கினால் போகிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். வலி குறைந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். விழுந்த பிறகு இப்படியென்றால் பெரிய நாண் கிழிசலாக இருக்கலாம், நரம்பு அடிபட்டிருக்கலாம், எலும்பும் விரிசல் விட்டிருக்கலாம். புதுக் கிழிசலைத் தைக்க வேண்டுமென்றால் தசை சுருங்குவதற்குள் தைப்பதுதான் நல்லது. இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.