வில்லியம் பையர்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ பத்திரிகையை நிறுவிய பையர்ஸ் தங்கம் தேடித்தான் அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போனாரா?

பதில்: இல்லை. அவர் நில அளவையாளர். நெப்ராஸ்காவின் முதல் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். தங்கம் தேடுவோர் கூடும் இடத்தில் முதல் பத்திரிகை தம்முடையதாக இருக்க வேண்டும் என்று ஓமாஹாவிலிருந்து அச்சு எந்திரத்தை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார். 1859 ஏப்ரல் 23 அன்று, ஒரு கடையின் பரணில் ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ முதல் இதழ் அச்சானது. அதே நாளில் வெளிவந்த போட்டிப் பத்திரிகை சில நிமிடங்கள் பிந்திவிட, அதன் உரிமையாளர் எந்திரத்தை விற்றுவிட்டு ஒதுங்கினார்.

கேள்வி: அச்சகத்தை ஆற்றுப்படுகையில் கட்டினாராமே, யாராவது அப்படிக் கட்டுவார்களா?

பதில்: செர்ரி க்ரீக் என்ற ஓடையின் ஒரு கரையில் டென்வர், மறுகரையில் ஆரேரியா, இரண்டும் போட்டி ஊர்கள். எந்தப் பக்கமும் சாயவில்லை என்று காட்டுவதற்காக நடுவே, கால்கள் நட்டுக் கட்டினார். பெரும்பாலும் மணலாகவே கிடந்த அந்த ஓடையில் வெள்ளம் வரும் என்று அங்கிருந்த பழங்குடியினர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். 1864 மே மாதத்து இரவொன்றில் கட்டடமும் எந்திரமும் அடித்துச் செல்லப்பட்டன. வேறொரு பத்திரிகையை வாங்கி, சில வாரங்களில் மீண்டும் அச்சேற்றினார்.

கேள்வி: முதல் இதழ் எப்போது வந்தது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சாண்ட் க்ரீக் படுகொலையை அவர் ஆதரித்தார் என்பது அவதூறு அல்லவா? அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தானே எழுதினார்கள்?

பதில்: எல்லாரும் அல்லர். 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் க்ரீக்கில் முகாமிட்டிருந்த செயென், அரபாஹோ பழங்குடி மக்களை அமெரிக்கப் படை தாக்கியதில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதைப் பையர்ஸின் பத்திரிகை வீரச்செயல் என்று கொண்டாடியது. அதே படையில் இருந்த கேப்டன் சைலஸ் சோல் சுட மறுத்து, விசாரணையில் சாட்சி சொல்லி, 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சரி, அன்றைய சூடு என்றே வைத்துக்கொள்வோம். 1880இல் எழுத்தாளர் ஹெலன் ஹண்ட் ஜாக்சன் நியூயார்க் பத்திரிகையில் இதை எழுப்பியபோதும் பையர்ஸ் பின்வாங்காமல் வாதாடினாரே, அதற்கு என்ன பெயர்?

கேள்வி: ஆனாலும் ஊரை வளர்த்தவர் அல்லவா?

பதில்: வளர்த்தார், ரயில்பாதை நிலங்களை விற்கும் முகவராகவும் இருந்தார். எல்லைப்புறப் பத்திரிகையில் ‘வளமான பூமி’ என்று படித்தால், ஆசிரியருக்கு அங்கே எத்தனை ஏக்கர் என்று முதலில் கேளுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி: ஏன் ஆளுநராகவில்லை?

பதில்: 1876இல் அவருடன் பழகிய ஒரு பெண் அவரை நடுத்தெருவில் சுட்டார். குண்டு படவில்லை, ஆளுநர் பதவிக் கனவு போயிற்று. 1878இல் பத்திரிகையை விற்றார்.