உறைந்த ஏரியில் தூண்டில்

கேள்வி: உறைந்துபோன பெரிய ஏரியில் முதல்முறையாக மீன் பிடிக்கப் போகிறேன். என்ன தூண்டில் வாங்கலாம்?

பதில்: தூண்டில் இருக்கட்டும், முதலில் பனியைப் பாருங்கள். நடப்பதற்குத் தெளிந்த பனி குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெளுத்த பனிக்குப் பலம் பாதிதான், அதனால் இரு மடங்கு. பெரிய ஏரியில் காற்றும் நீரோட்டமும் பனியைப் பிளந்துவிடும். கரையோரம் கெட்டியாக இருக்கிறதே என்று உள்ளே போய்விடாதீர்கள். போகிற வழியெல்லாம் துளையிட்டு அளப்பது என் வழக்கம். கூட வருபவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கைப்பிடி வைத்த இரண்டு கூர்முனைகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் விழுந்தால் பனியில் குத்தி ஏற அதுதான் பிடிமானம். தனியாகப் போகவே வேண்டாம்.

சரி, தூண்டில். குட்டைக் கம்பும் மெல்லிய நரம்பும் போதும். இரையைத் தரை தொடவிட்டு, ஓரடி தூக்கி லேசாக ஆட்டுங்கள். அரை மணி நேரமாகக் கடிக்கவில்லையா, வேறு துளை போடுங்கள்.