வீட்டுக்குப் போகாததற்கு ஒரு பதக்கம்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையே போடாத ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைக் கொடுத்தார்களாம். என்எஸ்ஸில் (தேசிய சேவையில்) இருக்கும் என் பேரன் சொல்கிறான். என்னை ஏமாற்றுகிறானா?
- ஒரு வாசகி, அங் மோ கியோ

பதில்: பேரனைத் திட்டிவிடாதீர்கள் அம்மா, அவன் சொன்னது உண்மை. மெய்ன் மாநிலத்தின் 27ஆவது ரெஜிமெண்ட் அது. ஒன்பது மாதத்துக்கென்று சேர்ந்தவர்கள். 1863 ஜூன் கடைசியில் தவணை முடிகிற நேரம் பார்த்து, தெற்குத் தரப்பின் தளபதி லீயின் படை வடக்கே வந்துவிட்டது. தலைநகர் வாஷிங்டனைக் காக்க இன்னும் சில நாள் இருங்கள் என்று அரசு கேட்டது. என்எஸ் முடிந்து ஓஆர்டி ஆகப்போகிற பையனிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்! ஆனாலும் சுமார் 300 பேர் தங்கினார்கள். கெட்டிஸ்பர்க் சண்டையில் வடக்குத் தரப்புக்கு வெற்றி கிடைத்ததும் அவர்களும் ஊர் திரும்பினார்கள்.

தங்கியவர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் என்ற அந்த உயர்ந்த பதக்கத்தைத் தருவதாகப் போர் அமைச்சர் ஸ்டான்டன் வாக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் பெயர்ப்பட்டியலில் குளறுபடி. மூட்டை கட்டிப் போனவர்களையும் சேர்த்து 864 பதக்கங்கள் அடித்து அனுப்பிவிட்டார்கள். தளபதி வென்ட்வொர்த், நல்ல மனுஷர், தங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டார்.

அதே ஜூலையில் தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் வில்லியம் கார்னி என்ற கறுப்பின வீரர், உடம்பில் குண்டு பாய்ந்தும் கொடியைத் தரையில் விழவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார். அவர் கைக்குப் பதக்கம் வந்தது 1900இல். முப்பத்தேழு வருஷம்! எனக்கு 864ஐ விட இந்தக் கணக்குதான் உறுத்துகிறது.

1916இல் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் ஐந்து பேரை உட்காரவைத்துப் பழைய பட்டியலைச் சலித்தார்கள். மறு வருஷம் 911 பெயர்களை நீக்கினார்கள். மெய்ன்காரர்கள் 864 பேரும் போனார்கள், அது நியாயம். ஆனால் டாக்டர் மேரி வாக்கரையும் சேர்த்து நீக்கியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய், எதிரியிடம் சிக்கிச் சில மாதம் சிறையில் கிடந்தவர். ராணுவப் பதவி இல்லாதவர் என்று காரணம் சொன்னார்கள். அந்த அம்மா அசரவில்லை, 1919இல் இறக்கும்வரை பதக்கத்தைக் குத்திக்கொண்டேதான் நடமாடினார். 1977இல் அரசே அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தது. இன்றுவரை அந்தப் பதக்கம் பெற்ற ஒரே பெண் அவர்தான்.