வாத்தியார் பதில்கள்: வேண்டுமென்றே தோற்கிறார்களா?

கேள்வி: பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் முன் காலையில் போனில் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்ப்பேனுங்க. யூட்டா ஜாஸ்தான் என் அணி. 2024-25 சீசனில் 82 ஆட்டத்தில் 17-ல்தான் ஜெயித்தார்கள். நிர்வாகமே தோற்க வைக்கிறது என்கிறான் கூட வேலை பார்க்கும் பையன். நிஜமாங்க?
- வாசகர், அவிநாசி

பதில்: பையன் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் எதைப் பார்த்துச் சொன்னான் என்று கேளுங்கள். கடைசி நிமிடத்தில் ரிங்கில் பட்டுத் தெறித்த பந்தைப் பார்த்து என்றால் தப்பு. களத்தில் நிற்பவனுக்கு அடுத்த ஒப்பந்தமே அவன் போடும் பாயின்ட்டில்தான் இருக்கிறது. தோற்ற அணிக்குப் பரிசாக வரப்போகும் புதுப் பையன் அவன் இடத்தில்தான் வந்து உட்காருவான். தன் வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ள எவன் பாடுபடுவான்?

தோல்வி முடிவாவது, இன்றைக்கு யாருக்கு ஓய்வு என்கிற பட்டியலில். உங்கள் அணியே சாட்சி. உடம்பு நன்றாக இருந்த முக்கிய ஆட்டக்காரர் லௌரி மார்க்கனனை உட்கார வைத்ததற்காக 2025 மார்ச்சில் லீக் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2023 ஏப்ரலில் டல்லாஸ் அணி இன்னும் மோசம். அடுத்த சுற்றுக்குப் போக வழி இருந்தும் முக்கிய ஆட்டக்காரர்களை வெளியே வைத்தார்கள். அபராதம் 7.5 லட்சம் டாலர்.

லாபம் என்ன என்கிறீர்களா? புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் வரிசை. அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாத அணிகளுக்குள் குலுக்கல் நடக்கும். அதன் பெயரே லாட்டரிதான் (நம்ம ஊரில் 2003-ல் தடை போட்டோமே, அதே சங்கதி). முன்பு கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. 2019-ல் அதைக் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று குறைத்தார்கள். 2025 குலுக்கலில் யூட்டாவுக்கு, அவ்வளவு தோற்றும் ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. முதல் இடம் 1.8 சதவீத வாய்ப்போடு நின்ற டல்லாஸுக்குப் போய், எல்லோரும் ஆசைப்பட்ட புதுப் பையன் கூப்பர் ஃபிளாக் அங்கே சேர்ந்தார்.

அதற்காகத் தோற்கிற அணியை எல்லாம் சந்தேகப்படாதீர்கள். டெட்ராய்ட் 2023-24-ல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது. ஆனால் அந்த சீசனுக்காகத்தான் மான்டி வில்லியம்ஸை ஆறு வருஷத்துக்கு 7.85 கோடி டாலர் பேசிப் பயிற்சியாளராகக் கூட்டி வந்திருந்தார்கள். தோற்பதற்கா அத்தனை சம்பளம்? ஆட்டம் வரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: நம்ம பக்கம் இந்த வேலை எல்லாம் உண்டா சார்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டிக்கு வந்து தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான். தோற்றவனுக்கு யாரும் நல்ல ஆட்டக்காரனைப் பரிசாகத் தருவதில்லை.

ஆனால் என் கை சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தபோது ஒரு மண்டலப் போட்டி. கடைசி லீக் ஆட்டத்தில் ஜெயித்தால் அரையிறுதியில் ஆறடிப் பையன்கள் அணி; தோற்றால் நோஞ்சான் அணி. கணக்குப் போட்டேன். என் முதல் கை ஆட்டக்காரனைப் பெஞ்சில் உட்கார வைத்து, அவனுக்கு வயிறு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். அவன் வாயே திறக்கவில்லை. ஆட்டம் முடியும் வரை ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தான்.

உள்ளே போன ஐந்து பேரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? அந்த வருஷம் முழுக்கப் பத்து நிமிஷம்கூட ஆடாத ஒரு பொடியன், சிமெண்ட் தரையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, கடைசியில் போர்டில் தட்டி ஒன்று போட்டான். இரண்டு பாயின்ட்டில் ஜெயித்துத் தொலைத்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேறு சுற்றினார்கள். அரையிறுதியில் ஆறடிப் பையன்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்போது பெருந்துறை ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். எப்போது போனாலும் டீ வரும். டீ கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்காமல் சொல்வான்: "அன்னைக்கு எனக்கு வயிறு நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு."