சங்கீதம் படிக்காம பாட்டு விமர்சனம் எழுதலாமா?

கேள்வி: அண்ணே, மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனில வேலை பாக்குறேன். புதுப்படப் பாட்டு, தனி ஆல்பம் எது வந்தாலும் அன்னைக்கே கேட்டு ஃபேஸ்புக்ல எழுதிருவேன். ஆனா "வேற லெவல்", "சுமார்" இதத் தாண்டி எழுத வரமாட்டேங்குது. சங்கீதமும் படிச்சதில்ல. என்ன பண்றது?

பதில்: தம்பி, சங்கீதம் படிக்காதது இதுக்கு ஒரு தடையே இல்ல. ராகம் பேரு தெரியலன்னா எழுதாதீங்க, அவ்ளோதான். பாட்டுல எந்த எடத்துல என்ன நடந்துச்சு, அது உங்கள என்ன பண்ணுச்சு, இந்த ரெண்டையும் எழுதுனா போதும். "வேற லெவல்"னு கை தானா டைப் பண்ணப் போகும்ல, அப்ப பாட்ட நிறுத்திட்டு எத்தனாவது நிமிஷத்துல அப்படித் தோணுச்சுன்னு பாருங்க, அந்த எடத்துல பெரும்பாலும் ஏதோ ஒண்ணு மாறிருக்கும், தாளம் சட்டுனு நின்னுருக்கும், இல்ல இன்டர்லூட்ல, அதாவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற வெறும் இசைல, புதுசா ஒரு வாத்தியம் நுழைஞ்சிருக்கும், இல்ல பாடுறவங்க அதுவரைக்கும் போகாத ஒசரத்துக்குப் போயிருப்பாங்க. அத எழுதுங்க.

உங்களுக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2002-ல வந்த கன்னத்தில் முத்தமிட்டால் படத்துல "விடை கொடு எங்கள் நாடே". ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள், போர்ல சொந்த மண்ண விட்டுப் போற ஜனங்களோட பாட்டு. இதுல வர்ற குரல்கள்ல ஒண்ணு எம்.எஸ்.விஸ்வநாதனோடது, அப்ப அவருக்கு வயசு 70-ஐத் தாண்டிருச்சு. வழுவழுன்னு ஒரு இளங்குரல் மட்டும் பாடிருந்தா அது ஒரு அழகான சோகப்பாட்டா நின்னுருக்கும், அந்த வயசான குரல் வர்றப்பதான் ஆயுசு பூரா ஒரே மண்ணுல வாழ்ந்த மனுசன் கெளம்புறாருன்னு நமக்கு நெஞ்சுல ஏறுது. இலங்கைலருந்து வந்த அகதிகள் தங்குற மண்டபம் கேம்ப்பத் தாண்டி வேலைக்குப் போற உங்களுக்கு இத நான் ரொம்ப விளக்க வேண்டியதில்ல. இந்தக் குரல் இங்க எதுக்குன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு எந்த சங்கீதப் படிப்பும் தேவைப்படல.

சினிமாப் பாட்டுக்குக் கதைல ஒரு வேலை இருக்கு. அதனால படம் வர்றதுக்கு முன்னாடி எழுதுறது பாதி விமர்சனம்தான், "இன்னும் படம் பாக்கல"ன்னு மேலயே போட்டுட்டு, படம் பாத்தப்புறம் இன்னொரு தடவ எழுதுங்க. தனி ஆல்பத்துக்கு இந்தக் கணக்கு இல்ல. ஷஃபில் போடாம வரிசையாக் கேளுங்க, இந்த ஆளு என்ன சொல்ல வர்றாரு, அஞ்சாவது பாட்டுலயும் அதே தெம்பு இருக்கா, அத மட்டும் பாருங்க. சினிமாவ நம்பாமலே ஒரு குரல் வீடு வீடாப் போய்ச் சேரும்ங்கறதுக்கு நம்ம ராமநாதபுரத்துல பிறந்த நாகூர் ஹனீஃபாவ விட வேற ஆள் வேணுமா?

அப்புறம் எதுல கேக்குறீங்கங்கறது முக்கியம். ஐஸ் க்ரஷர் ஓடுறப்ப போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "பேஸே இல்ல, மிக்ஸிங் மோசம்"னு எழுதிறாதீங்க, அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அடிசத்தம் சரியா வராது, வர்ற கொஞ்சத்தையும் மெஷின் சத்தம் முழுங்கிரும். சாதாரண வயர் இயர்போன் போதும், ராத்திரி வீட்டுல கேளுங்க. ரெண்டு பாட்ட ஒப்பிடுறப்ப சத்தத்த ஒரே அளவுல வைங்க, கொஞ்சம் சத்தம் கூட இருக்கறது எப்பவும் நல்லா இருக்கற மாதிரியே காதுக்குத் தோணும்.

"காப்பி"ன்னு மட்டும் அவசரப்பட்டு எழுதவே எழுதாதீங்க. ஒரே ராகம், ஒரே கார்டு (பல சுரத்த ஒண்ணா சேத்து வாசிக்கறது) வரிசைல போட்டாலே ரெண்டு பாட்டு ஒண்ணு போல கேக்கும். மெட்டு வரிக்கு வரி ஒத்துப்போனாத்தான் அந்தப் பேச்சு, மத்தபடி "இன்ன பாட்ட ஞாபகப்படுத்துது"ன்னு எழுதுங்க, ஒருத்தரோட பல மாச உழைப்பு அது. பாட்டெழுதுனவங்க பேர விட்டுறாதீங்க, இசையமைப்பாளர், பாடுனவங்களோட நிறுத்திக்கறதுதான் நம்மாளுங்க பழக்கம். நெறைய ஆப்ல கிரெடிட்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், கோரஸ் பாடுனவங்க, வாத்தியம் வாசிச்சவங்க பேரு அதுல இருந்துச்சுன்னா அதையும் சேத்துப் போடுங்க.